ஆலாத்தித் தட்டுக்குப் பயந்த மாப்பிள்ளை

கலியாணப் படம் எடுக்கப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு,

கமராவைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நான் பாதி வாழ்க்கை கழித்துப் படித்ததை நீங்கள் போனில் பார்த்து ஒரு பின்னேரத்தில் படித்துவிடுகிறீர்கள். லைட், லென்ஸ், ட்ரோன் எல்லாவற்றிலும் நீங்கள்தான் எனக்கு வாத்தியார். ஆனாலும் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று விடாமல் கேட்கிறீர்கள். சரி, மனிதரின் பயத்தைப் பற்றி எழுதுகிறேன். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இத்தனை வருடம் கலியாணம், பெண்பிள்ளை பெரியவளாகும் சாமத்தியவீடு, தேவாலயத்தில் முதல் நன்மை என்று படம் எடுத்தவன் நான். சண்டை பார்த்திருக்கிறேன், மயக்கம் பார்த்திருக்கிறேன், மணவறையில் புகை கிளம்பியும் பார்த்திருக்கிறேன். அவை எதுவும் இரண்டு பேரிடம் நான் கண்ட பயத்தைப் போல என்னைத் தூக்கிவாரிப் போட்டதில்லை.

முதலில் கொட்டாஞ்சேனைக் கதை. அது சின்னது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஒருவர். ஆறடிக்கு மேல் ஆள், கை உலக்கை மாதிரி. மகளின் முதல் நன்மைக்குக் குடும்பப் படம் எடுக்க வீட்டுக்குப் போயிருந்தேன். பிள்ளை வெள்ளைக் கவுனில் தேவதை மாதிரி நிற்கிறாள். தாய் பட்டுச்சேலை. தகப்பனோ கழுத்து மூடிய டீஷேர்ட்டோடு நிற்கிறார். படத்துக்கு எடுப்பாக இல்லையே என்று, என் பையில் இருந்த கறுப்புக் கோட்டை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

மனிதர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். முகத்தில் வியர்வை. கோட்டை நான் வலப்பக்கம் அசைத்தால் அவர் கண் வலப்பக்கம் போனது. இடப்பக்கம் அசைத்தால் இடப்பக்கம். அவர் என்னையும் பார்க்கவில்லை, கோட்டையும் பார்க்கவில்லை. கோட்டில் தைத்திருந்த பட்டன்களைத்தான் பார்த்தார். மனைவி என் காதுக்குள் வந்து, "அவருக்கு பட்டன் எண்டா பயம் அண்ணே. ஷேர்ட் போடவே மாட்டார். தயவு செஞ்சு உள்ள வைங்க" என்றார்.

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். பட்டனுக்கு ஒரு மனுசன் பயப்படுவானா? ஆனால் அந்தக் கண் பொய் சொல்லவில்லை. கோட்டைப் பைக்குள் போட்டு சிப்பை இழுத்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. டீஷேர்ட்டோடேயே படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்தும் எனக்கு அதிர்ச்சி போகவில்லை. என் சட்டையைக் கழற்றும்போது ஒவ்வொரு பட்டனாகப் பார்த்தேன். எனக்கு ஒரு பயமும் வரவில்லை. அவருக்கு ஏன் வந்தது என்று அவருக்கே தெரியாதாம்.

அந்தக் கண்ணைப் பார்த்திராவிட்டால், இனிச் சொல்லப்போகும் கலியாணத்தில் நானும் மற்றவர்களோடு சேர்ந்து நின்று அந்த மாப்பிள்ளையைத் திட்டியிருப்பேன்.

வெள்ளவத்தையில், பஸ் நெருக்கம் ஓயாத காலி வீதியை ஒட்டிய ஒரு மண்டபம். பெயர் வேண்டாம். பெண்ணை சிந்துஜா என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு கம்பனியில் கணக்காளர். மாப்பிள்ளை பிரணவன், கம்ப்யூட்டர் வேலை, வீடு வத்தளையில். இரண்டு பக்கமும் யாழ்ப்பாணத்து ஆட்கள், பேசிச் செய்த கலியாணம். ஆறு மாதமாகப் போனில் கதைத்துப் பழகியிருக்கிறார்கள். பெண்ணின் அக்கா வெளிநாட்டில், ரொரன்ரோவில். அங்கேயும் லண்டனிலும் இருக்கும் உறவுகளுக்காக லைவ் போகிறது. லைவைப் பார்த்துக்கொண்டவர் என் தொழில் கூட்டாளி ஜெனிற்றா. கொட்டாஞ்சேனைக்காரி, வாய் கொஞ்சம் நீளம், மூளை அதைவிட நீளம்.

காலையில் மாப்பிள்ளையின் கார் வந்து நின்றது. நாதஸ்வரமும் தவிலும் பிளந்து கட்டுகின்றன. வாசலின் இரண்டு பக்கமும் வாழைமரம். சும்மா மரம் இல்லை, பெண்ணின் தகப்பன் பார்த்துப் பார்த்துச் சொல்லி எடுப்பித்தது. நிலம் முட்டக் குலை, குலை முழுக்க மஞ்சள் பிடித்த பழம். நான் வழமைபோல மாப்பிள்ளைக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே படம் பிடித்தேன்.

தலைப்பாகையோடு இறங்கிய பிரணவன் குனிந்த தலை நிமிரவில்லை. வெட்கம் என்று நினைத்தேன். ஆனால் வாசலில் நுழையும்போது இரண்டு தோளையும் உள்ளே இழுத்துக்கொண்டு, நெருக்கமான பஸ்ஸுக்குள் போகிறவர் மாதிரி, சரியாக நடுவால் வந்தார். இரண்டு பேர் கைகோத்துப் போகக்கூடிய அகலமான வாசல் அது. ஏன் இப்படி ஒடுங்கி வருகிறார் என்று ஒரு யோசனை வந்தது, தவில் சத்தத்தில் போய்விட்டது.

தோழனாக நின்றது பெண்ணின் தம்பி துவாரகன். மாப்பிள்ளையைப் பலகையில் நிற்க வைத்துக் கால் கழுவினான், மோதிரம் வாங்கினான், பல்லைக் காட்டிச் சிரித்தான். அடுத்தது ஆலாத்தி. எங்கள் ஆட்களின் ஆலாத்தித் தட்டு எப்படி இருக்கும் என்று உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். வாழைப்பழத்தை மொத்தமான துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு திரியைக் குத்தி, நெய் விட்டுக் கொளுத்துவார்கள். இரண்டு சுமங்கலிப் பெண்கள் தட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே சுற்றுவார்கள். பெண்ணின் பெரியம்மாவும் ஒரு மாமியும் தட்டோடு வந்தார்கள். பிரணவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

பெரியம்மா நல்ல மனுசி. எல்லாவற்றையும் திறமாகச் செய்ய வேண்டும் அவருக்கு. மாப்பிள்ளை உயரம், தான் கட்டை என்று, தட்டை நன்றாக உயர்த்தி மூக்குக்குக் கிட்டவே கொண்டுபோய்ச் சுற்றினார். நெய்யில் பழம் வெந்து ஒரு மணம் கிளம்பியது. பிரணவன் கண்ணைத் திறந்தார்.

தம்பிமாரே, அந்த முகத்தை நான் என் லென்ஸுக்குள்ளால் மிகக் கிட்டப் பார்த்தேன். தட்டு வலப்பக்கம் போனது, கண் வலப்பக்கம் போனது. தட்டு இடப்பக்கம் வந்தது, கண்ணும் வந்தது. கொட்டாஞ்சேனையில் பட்டனைப் பார்த்த அதே கண்.

அவர் வாயிலிருந்து வந்தது சொல்லல்ல, ஒரு சத்தம். கை தட்டில் பட்டு, தட்டு பறந்து, எரிகிற திரியெல்லாம் தரையில் சிதறியது. என்னை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, தலைப்பாகையும் சால்வையுமாக, காலி வீதிக்குக் குறுக்கே ஓடினார் மாப்பிள்ளை. பஸ் ஒன்று கிறீச்சென்று பிறேக் போட்டது. தவில்காரர் கையை ஓங்கியபடியே நின்றுவிட்டார்.

மண்டபத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பாதிப்பேர் கையில் போன் மேலே எழும்பிவிட்டது. ஒரு மனுசன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறான், அதைப் படம் பிடிக்கிறார்கள். தொழில்காரன் நானே கையைக் கீழே போட்டுவிட்டேன். எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

ஜெனிற்றா நான் சொல்வதற்கு முதலே லைவில் கமராவை மாற்றி, நாதஸ்வரக்காரரின் முகத்தைப் போட்டு, "வாசிங்க அண்ணே, நிப்பாட்டாதீங்க" என்று அவர்களை அதட்டினாள். ரொரன்ரோவில் இருந்தவர்கள் அதன் பிறகு வெகுநேரம் தவிலை மட்டும்தான் பார்த்தார்கள். ஆனால் அந்த முதல் கணம் போய்விட்டதே. பெண்ணின் அக்கா அங்கே கண்டுவிட்டார். மேலே அலங்கார அறையில் இருந்த சிந்துஜாவுக்கு நாங்கள் யாரும் சொல்வதற்கு முதல் கடல் கடந்து போன் வந்துவிட்டது, மாப்பிள்ளை ஓடிவிட்டார் என்று.

நான் துரத்திக்கொண்டு ஓடினேன். ஏன் ஓடினேன் என்று கேட்டால், அந்தக் கண்ணைக் கண்டவன் நான் ஒருவன்தான். கழுத்தில் கமரா அடிக்கிறது. எனக்கு முன்னால் துவாரகன் ஓடுகிறான், கொலை வெறியில். வீதியில் நின்ற பொலிஸ்காரர் என்னை மறித்து, சிங்களத்தில் "மொகத உனே?" என்று கேட்டார். என்ன நடந்தது என்று எனக்கே தெரிந்தால்தானே. "மொகுத் நே சேர், மகுல் கெதரக்" என்றேன். ஒன்றுமில்லை, கலியாண வீடு. அவர் என் வேட்டியையும் முகத்தையும் பார்த்துவிட்டு, கலியாணம் என்றால் இப்படித்தான் என்பது போல வழிவிட்டார்.

கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையால் இறங்கி மரைன் டிரைவுக்கு வந்தபோது பிரணவன் தண்டவாளத்தைத் தாண்டிக்கொண்டிருந்தார். நாங்கள் கிட்டப் போவதற்குள் தெஹிவளைப் பக்கமிருந்து ரயில் வந்துவிட்டது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பாறையும் கடலும்தான். பெட்டி பெட்டியாக ரயில் போகிறது, அந்தப் பக்கம் அவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை. அதுவரை கத்திக்கொண்டு வந்த துவாரகன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

ரயில் போனதும் கண்டோம். பாறையில் குந்தியிருந்து, கடல் தண்ணீரை அள்ளி அள்ளி முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மூக்கும் கன்னமும் சிவந்துபோயிருந்தன.

துவாரகன் போய்ச் சால்வையைப் பிடித்தான். "டேய்! என்ர அக்காவை என்னெண்டு நினைச்சாய்? வேற பொம்பிளை இருந்தா முதலே சொல்லியிருக்கலாமேடா!"

பிரணவனுக்குப் பல் கிட்டிப்போயிருந்தது.

நான் பக்கத்தில் குந்தினேன். "தம்பி, தட்டில இருந்த பழமோ?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஒளித்து வைத்த இடத்தில் பிடிபட்ட பிள்ளையின் பார்வை. "உங்களுக்கு ஆர் சொன்னது அண்ணை? அம்மாவோ?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. உங்கட கண்ணைப் பார்த்தனான்."

"அண்ணை, அதின்ர பேரைச் சொல்லாதேங்கோ. கேட்டாலே எனக்கு ஓங்காளிச்சுச் சத்தி வரும். சின்ன வயசில இருந்து இப்பிடித்தான். ஏனெண்டு தெரியாது. கடியாது, குத்தாது எண்டு எனக்குத் தெரியாதே? தெரிஞ்சும் ஏலாமக் கிடக்கு." அவர் அழத் தொடங்கினார். "ஒரு நிமிசம் கண்ணை மூடிக்கொண்டு நிண்டாச் சரி எண்டு அம்மா சொன்னவ. நிண்டு பார்த்தன். அது என்ர முகத்தில முட்டினமாதிரி இருந்தது."

துவாரகன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "என்னது? வாழை—" நான் அவன் வாயைப் பொத்தினேன். உண்மையாகவே கையால் பொத்தினேன்.

அவன் நம்பவில்லை. ஆலாத்தியை எடுத்த வீடியோவை அவனுக்கு மட்டும், பிரணவன் காணாதபடி திருப்பிப் பிடித்துக் காட்டினேன். முதலில் முகத்தைச் சுழித்துக்கொண்டு பார்த்தான். பிறகு மெதுவாகச் சால்வையை விட்டான். வீடியோ முடிந்ததும் தன் சால்வையை எடுத்து அவரின் முகத்தைத் துடைத்துவிட்டான். "அத்தான், குளிருதோ?" என்று கேட்டான். சற்று முன் டேய் என்றவன்.

"நான் திரும்பி வருவன்," என்றார் பிரணவன். "எனக்கு சிந்துவைத்தான் கட்ட வேணும். ஆனா இதைத் தெரிஞ்சா ஆர் அண்ணை என்னைக் கட்டுவினம்?"

அவனை அவரோடு இருக்கச் சொல்லிவிட்டு நான் மண்டபத்துக்குத் திரும்பினேன். முகூர்த்தத்துக்கு அதிக நேரம் இல்லை. வாசலில் பிரணவனின் தாய் என் கையைப் பிடித்தார். "பழத்தைக் கண்டிட்டானோ?" என்றார்.

எல்லாம் தெரிந்துகொண்டுதான் இந்த மனுசி வாசலில் வாழை கட்ட விட்டிருக்கிறார்!

"வாசலுக்குத் தென்னம்பாளை போதும், எங்கட வழமை அதுதான் எண்டு பொய் சொல்லிப் பார்த்தனான். சம்மந்தி கேட்கேல்லை," என்றார். "சின்னனில பயம் தெளியட்டும் எண்டு நானும் தகப்பனும் கையைக் காலைப் பிடிச்சு, பழத்தை வாய்க்குள்ள வைச்சுத் தீத்தினம். பிள்ளை மூச்சுப் பேச்சில்லாமக் கிடந்தான். அதுக்குப் பிறகு விட்டிட்டம். வெளியில சொன்னா விசரன் எண்டு பேர் வைச்சிடுவினம் எண்டு சொல்லாமலே வளர்த்தனான்."

பெற்ற தாய் அன்போடு செய்த வேலை அது. பயத்தை விட எனக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி.

மேலே அலங்கார அறையில் சிந்துஜா முழு அலங்காரத்தோடு கதிரையில் இருந்தாள். அழவில்லை. தகப்பன் அங்குமிங்கும் நடந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தார், பொலிஸுக்குப் போவோம், மண்டபத்தைக் கலைப்போம் என்று. என்னைக் கண்டதும், "நீர் என்ன, இதையும் படம் பிடிக்க வந்தனீரோ?" என்றார்.

"ஐயா, பிள்ளைக்கு ஒண்டைக் காட்ட வேணும். பிறகு நீங்கள் என்னவும் செய்யுங்கோ." நான் கமராவை அவளுக்கு முன்னால் பிடித்தேன். "முகத்தைப் பார்க்காதேங்கோ தங்கச்சி. கண்ணை மட்டும் பாருங்கோ."

பார்த்தாள். திரும்பப் போடச் சொன்னாள். பிறகும் போடச் சொன்னாள். தட்டு போகும் பக்கமெல்லாம் அந்தக் கண் போகிறது. பக்கத்தில் நின்ற எவரையும் அது பார்க்கவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன்.

தகப்பன் சிரித்தார், அந்தக் கோபச் சிரிப்பு. "வாழைப்பழத்துக்குப் பயமோ? விசர்க் கதை. எங்களைப் பேயர் எண்டு நினைச்சிட்டினம்."

சிந்துஜா அவரைக் கவனிக்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணை, எங்களை முதல் முதல் கோயில்லதான் சந்திக்க வைச்சவை. ஐயர் அர்ச்சனைத் தட்டை என்ர கையில தந்தவர். நான் அதில இருந்த பழத்தை எடுத்து அவருக்கு நீட்டினன். ஒரு சொல்லுச் சொல்லாம வெளியில போயிட்டார். எல்லாருக்கும் முன்னால நான் பழத்தோட நிண்டனான்."

அங்குமிங்கும் நடந்த தகப்பன் அவள் பக்கம் திரும்பினார்.

"அண்டையில இருந்து அவருக்கு என்னைப் பிடிக்கேல்லை எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தன். தாய் தகப்பனுக்காகக் கட்டுறார் எண்டு. ஆறு மாசம் அண்ணை. போனில எவ்வளவு நல்லாக் கதைச்சாலும் எனக்குள்ள அதுதான். இண்டைக்கு ஓடிட்டார் எண்ட உடனே, அப்ப நான் நினைச்சது சரிதான் எண்டு இருந்திட்டன்." அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "அது பழமோ!"

நான் பெரிய வீரனில்லை. தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன்.

அவள் எழும்பினாள். "அப்பா, வாசல்ல இருக்கிற மரத்தைக் கழட்டச் சொல்லுங்கோ."

"நல்ல நாளில வாழையைக் கழட்டுறதோ? வாழை இல்லாத கலியாணம் எங்கட பரம்பரையில நடந்ததில்லை!"

"மாப்பிள்ளை இல்லாத கலியாணம் நடந்திருக்கோ அப்பா?"

தகப்பன் கதிரையில் இருந்துவிட்டார்.

அதன் பிறகு நடந்ததை நீங்கள் கண்டிருக்க வேண்டும். சமையல்காரர் நாலு பேர் வாழைமரங்களைத் தூக்கிப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு லொறிக்குள் போட்டார்கள். பெரியம்மாவுக்கு விஷயம் விளங்கியதும் மனுசி இடிந்துபோய் நின்றது ஒரு கணம்தான். "ஐயோ, நான் பிள்ளையின்ர மூக்குக்குள்ள எல்லோ கொண்டுபோனனான்!" என்று தலையில் அடித்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார். பிள்ளையாருக்கு முன்னால் இருந்த சீப்பு, தாம்பாளத்தில் இருந்த சீப்பு, வெற்றிலைத் தட்டுகளில் இருந்தது, சாப்பாட்டு மேசைக்கென்று அடுக்கியிருந்தது என்று ஒன்றையும் விடவில்லை. பிறகு தேசிக்காய் வெட்டிக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, எல்லாரிடமும் முகர்ந்து பார்க்கச் சொன்னார். என்னிடமும் கையை நீட்டினார்.

ஐயரிடம் போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னோம். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "தோடம்பழம் வையுங்கோ. ஆலாத்திக்கு வெள்ளரிக்காய் வெட்டித் திரி வையுங்கோ. சுவாமிக்கு ஒரு குறையும் வராது. நேரம்தான் போகுது, கெதியா!" என்றார். நாங்கள் பயந்த அளவுக்குக் கடவுளின் ஆள் பயப்படவில்லை.

துவாரகனுக்குப் போன் பண்ணினேன். அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். மண்டப வாசலுக்குச் சற்று முன்னால் பிரணவன் நின்றுவிட்டார். மூக்கு விடைக்கிறது. கால் பின்னுக்குப் போகிறது. உள்ளே இருநூறு முன்னூறு பேர் அவரையே பார்க்கிறார்கள். இன்னொரு முறை ஓடினால் அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது. என்ன சொல்லி உள்ளே கொண்டுபோவது என்று எனக்குத் தெரியவில்லை.

தாலி ஏறுவதற்கு முதல் பெண் வாசலுக்கு வரும் வழக்கம் எங்களிடம் இல்லை. சிந்துஜா வந்தாள். நகையும் மாலையுமாகப் படியிறங்கி வந்து, வாசலின் நடுவில் நின்று, இரண்டு கையையும் விரித்து அவருக்குக் காட்டினாள். வெறுங்கை.

"ஒண்டுமில்லை," என்றாள். "எல்லா இடமும் நானே பார்த்திட்டன். வாங்கோ."

பிரணவன் அந்தக் கைகளைப் பார்த்தார். அன்றைக்கு அந்த வாசலில் ஒருவரையும் நேராகப் பார்க்காத அந்தக் கண் மெல்ல மேலே போய் அவள் முகத்தில் நின்றது. உள்ளே வந்தார்.

தாலி கட்டினார். கெட்டிமேளம் கொட்டியபோது ஜெனிற்றா மறுபடி மணவறைக் கமராவைப் போட்டாள். ரொரன்ரோவில் அக்கா அழுததாகப் பிறகு கேள்விப்பட்டேன். வெள்ளரிக்காய் ஆலாத்தியும் ஒழுங்காக எரிந்தது, கொஞ்சம் சீறிச் சீறி.

ஓடுகிற மாப்பிள்ளையின் வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. போனில் எடுத்த மகராசன்கள் சிரிப்புப் பாட்டும் போட்டு அனுப்பினார்கள். தெளிவான வீடியோ என்னிடம்தான் இருக்கிறது என்று தெரிந்து, யார் யாரோ கேட்டார்கள். கொடுக்கவில்லை. தம்பி தங்கச்சிமாரே, உங்களிடமும் ஒருநாள் இப்படிக் கேட்பார்கள். அன்றைக்கு நீங்கள் யார் என்பது அந்தப் பதிலில்தான் தெரியும். இன்னொன்று. ஒருவர் பயந்து நிற்கும்போது ஏன் என்று கேட்டு மினக்கெடாதீர்கள். அவருக்கே தெரியாததை உங்களுக்கு எப்படிச் சொல்வார்? கண் எங்கே போகிறது என்று பாருங்கள், அங்கே இருப்பதை அகற்றுங்கள்.

நான் தொழிலை விட்டு ஸ்டூடியோவை ஒப்படைப்பதற்குக் கொஞ்ச நாளுக்கு முதல் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டூடியோவுக்குக் கீழே பழக்கடை. முன்னால் வாழைப்பழம் குலை குலையாகத் தொங்கும். மாடிப்படியால் இறங்கிக்கொண்டிருந்தேன். படிக்குக் கீழே, வீதியில் போகிறவர்களுக்குத் தெரியாத மூலையில், ஒரு பெண் சுவரைப் பார்த்துக்கொண்டு அவசரமாக ஏதோ சாப்பிடுகிறாள். பள்ளிக்கூடப் பெடியள் ஒளித்துச் சிகரெட் பிடிப்பது போல. திரும்பினாள். சிந்துஜா. கையில் பாதிக் கதலிப்பழம்.

"ஐயோ அண்ணை!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சிரித்தாள். "சின்னனில இருந்து எனக்கு இதெண்டா உயிர். வீட்டை கொண்டுபோக ஏலாதுதானே. இடைக்கிடை வேலை முடிஞ்சு வரேக்க இஞ்ச வந்து ஒண்டு சாப்பிடுவன்." கைப்பையைத் திறந்து காட்டினாள். தண்ணீர்ப் போத்தல், சவர்க்காரம், ஏலக்காய். "வடிவாக் கழுவிப்போட்டுத்தான் போவன். அவருக்குத் தெரியாது. சொல்லிப்போடாதேங்கோ."

தலையை ஆட்டிவிட்டு மேலே ஏறிவிட்டேன். அவளுக்கு உயிரான பழத்தையா அன்றைக்குச் சீப்புச் சீப்பாக மண்டபத்திலிருந்து தூக்குவித்தாள்?

யன்னலால் வெளியே பார்த்தேன். காலி வீதிக்கு எதிர்ப்பக்கம், மருந்துக் கடை வாசலில் ஒருவர் நின்றார். பழக்கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தோள் இரண்டையும் உள்ளே இழுத்துக்கொண்டு. அந்தத் தோளை நான் எங்கே கண்டாலும் அடையாளம் பிடிப்பேன்.

என் போன் அடித்தது. எதிர்ப்பக்கம் நின்றவர் போனைக் காதில் வைத்திருந்தார்.

"அண்ணை, பிரணவன் கதைக்கிறன். சிந்து சாப்பிட்டு முடிச்சிட்டாவோ?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்குத் தெரியாது என்று சற்று முன்தான் அவள் சொன்னாள். மாடிப்படிக்கு வந்து எட்டிப் பார்த்தேன். கீழே அவள் இரண்டாவது பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் இல்லைத் தம்பி," என்றேன்.

"அவசரமில்லை அண்ணை. ஆறுதலாச் சாப்பிடட்டும். நான் இஞ்ச நிக்கிறது தெரிய வேண்டாம்."